படலையைத் திறக்க முன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரி மழை தொடங்கியதும் பாடசாலை, பல்கலைக்கழக மாணவர்கள் டெங்கு ஒழிப்புக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் இறங்கிய செய்திகளும் படங்களும் ஒவ்வொரு வருடமும் பத்திரிகைகளில் வருகின்றன. அவற்றைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூப்பிட்டால் வருகிறார்கள், சேற்றிலும் இறங்குகிறார்கள். கூப்பிடுகிற பெரியவர்கள்தான் பயிற்சி கொடுக்கிற வேலையைச் செய்யாமல் அவர்களை அனுப்புகிறோம். அது பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். சனம் எங்களை ‘மிசி’ என்றுதான் கூப்பிடும். கர்ப்பிணி இருக்கிற வீடு, பிள்ளை பிறந்த வீடு, நிறை குறைந்த பிள்ளை இருக்கிற வீடு என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் போய்வருகிற வேலை. எங்களைத் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்ப முன் 18 மாதம் படிப்பித்தார்கள். பிரசவமும் தடுப்பூசியும் அந்தப் படிப்பில் ஒரு பகுதிதான். படலையில் நின்று எப்படிக் கூப்பிடுவது, மாமி பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் எதைக் கேட்கக்கூடாது, ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டில் வாய்திறக்காமல் இருப்பது எப்படி என்பதையும் மூத்த மிசிமார் கூடவே நடந்து வந்து பழக்கினார்கள். வேலை செய்த காலம் முழுக்க எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

போன மாரியில் எங்கள் ஒழுங்கைக்கு மாணவர்கள் கொஞ்சப் பேரை ஒரு நிறுவனம் கூட்டிவந்தது. எல்லாருக்கும் ஒரே நிற ரீசேட், கையுறை, குப்பைப் பை. இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கிற ஆச்சி ஒருவரின் வளவுக்குள் போனார்கள். ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் கனடாவில். அவவின் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீரைச் சந்திக் குழாயில் இருந்து பக்கத்து வீட்டுப் பெடியன் எடுத்துக் கொடுக்க, மூடிபோட்ட குடங்களில் வைத்திருப்பா. பிள்ளைகள் குசினி வாசலில் இருந்த அந்தக் குடங்களை எல்லாம் கவிழ்த்து ஊற்றிவிட்டார்கள். பின்பக்கத்துச் சீமெந்துத் தொட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. காவோலை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்த கூரைப் பீலியையும் பார்க்கவில்லை. போகும்போது அவவின் கையில் ஒரு உலருணவுப் பொதியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அன்றிரவே அது பேஸ்புக்கில் வந்தது. கனடாவில் இருந்து மகள் அழுதுகொண்டு போன் எடுத்தா: “அம்மா, நாங்கள் காசு அனுப்புறேல்லை எண்டு ஊருக்குச் சொன்னனியளோ?”

ஆச்சி இப்போது படலைக்குச் சங்கிலி போட்டிருக்கிறா. சுகாதாரப் பரிசோதகர் வந்து கூப்பிட்டாலும் திறப்பதில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். மழையில் நனைந்துகொண்டு வந்தவர்கள். மூடிய குடத்தில் நுளம்பு முட்டை இடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. படம் எடுக்க முன் கேட்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. காலையில் பஸ்ஸில் ஏற்றினார்கள், ரீசேட் கொடுத்தார்கள், இறக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்த ஆயத்தம்.

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். நுளம்பு தன் முட்டையைப் பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டால் முட்டை போய்விடாது. காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு கிடந்து, அடுத்த மழைக்குத் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். அதனால் தொட்டியையும் பூச்சாடித் தட்டையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவவேண்டும். முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள். அப்படியென்றால் கிழமைக்கு ஒரு தடவையாவது அதே வளவைப் பார்க்கவேண்டும். வருடத்தில் ஒருநாள் ஊரே திரண்டு செய்கிற சிரமதானம் அந்த ஒரு கிழமைக்குத்தான் உதவும். ஐப்பசியில் இருந்து மார்கழி கடந்தும் மழை பெய்கிற யாழ்ப்பாணத்தில் மற்றக் கிழமைகளுக்கு யார் பொறுப்பு?

இதையெல்லாம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்தில் விளங்கப்படுத்தலாம். சிரட்டையில் நெளிகிற குடம்பியைக் காட்டினால் இன்னும் கெதியாக விளங்கும். காய்ச்சல் வந்த வீட்டில் என்ன சொல்வது என்பதையும் பிள்ளை தெரிந்திருக்கவேண்டும். பனடோல் மட்டும்தான், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுப்ரோபன் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டுக்காரர் ஆறுதல்படுகிற நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். வயிற்று நோ, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைவு கண்டால் உடனே ஆஸ்பத்திரி. பிள்ளை சொல்லவேண்டியது இவ்வளவுதான். அதற்கு மேல் வைத்தியம் சொல்ல வெளிக்கிடாமல், “மிசியிட்டச் சொல்லுறன்” என்று திரும்பி வருவதற்கும் பயிற்சி வேண்டும். உற்சாகமான பிள்ளைக்கு அந்த இடத்தில் நிறுத்துவது லேசான காரியம் இல்லை.

வெள்ள நேரம் இன்னும் கவலை. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் கண்டு ஆட்கள் அடுத்தடுத்து இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என்ன காய்ச்சல் என்று தெரியாமல் சனம் முதலில் நடுங்கியது. பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எங்கள் கரவெட்டிப் பக்கமும் அதில் அடிபட்டது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட அந்தக் கிருமியை உள்ளே விடும். நோய் தெரியவரப் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். அதற்குள் வெள்ளத்தில் நின்றதையே பிள்ளை மறந்துவிடும். இது தெரிந்திருந்தும், முழங்கால் தண்ணீரில் வெறுங்காலோடு சாப்பாட்டுப் பொதி சுமக்கிற மாணவர்களைப் பாராட்டிப் படம் போடுகிறோம். பூட்ஸ் கொடுக்கவில்லை என்றால் அந்தத் தண்ணீருக்குள் பிள்ளையை இறக்கக்கூடாது. காலில் புண் உள்ள பிள்ளையைக் கரையில் வைத்துப் பொதி கட்டச் சொல்லலாம். தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் மருந்து கொடுப்பதா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் தீர்மானிக்கும். போக முன்னரே அங்கே ஒரு சொல் சொல்லி, யார் யார் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிவிட்டோம் என்பது இதற்கு ஈடாகாது.

கிணறும் அப்படித்தான். வெள்ளம் வடிந்த கையோடு மோட்டரை வைத்துக் கிணற்றை வேகமாக இறைக்கிறார்கள். சுற்றிலும் மண் ஊறி இருக்கும்போது அப்படி இறைத்தால் கட்டு இடிந்து உள்ளே விழலாம். அதோடு நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் நல்ல தண்ணீர் உவர்த்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வந்துவிடும். குளோரின் எவ்வளவு போடுவது என்பதற்கும் கிணற்றின் அகலமும் தண்ணீரின் ஆழமும் அளக்கவேண்டும். சுகாதாரப் பரிசோதகர் பக்கத்தில் நின்றால் அளக்கிற வேலையை மாணவர்கள் அருமையாகச் செய்வார்கள், கணக்குப் படிக்கிற பிள்ளைகள்தானே.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டை அடித்தபோது எங்கள் பக்கத்தில் சேர்ந்த உடுப்பு மூட்டைகளைத் தரம் பிரிக்க நானும் போயிருந்தேன். கிழிந்த சேலை, ஒற்றைச் சப்பாத்து, திகதி முடிந்த பால்மா எல்லாம் வந்திருந்தன. பிள்ளைகள் இரவு பகலாக நின்றார்கள். எதை எடுப்பது, எதைத் திருப்புவது என்று முதலே சொல்லியிருந்தால் அந்த உழைப்பில் பாதி மிஞ்சியிருக்கும். சரி, அது சின்ன விடயம்.

எனக்குப் பெரிதாகப் படுவது, துக்கம் இருக்கிற வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவது. 2004 சுனாமிக்குப் பிறகு மணற்காடு, உடுத்துறைப் பக்கம் முகாம்களில் நாங்கள் வேலை செய்தோம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மாரிடம் ஒவ்வொரு குழுவும் வந்து அதே கேள்வியைக் கேட்டது. எத்தனை பேர் செத்தவை, நீங்கள் அப்ப எங்க நிண்டனீங்கள், கையை விட்டது எப்பிடி? எழுதிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தத் தாய்மார் வெள்ளைக் கடதாசியைக் கண்டாலே கூடாரத்துக்குள் போய்விடுவார்கள். அதன் பிறகு போர் முடிந்து எத்தனையோ குடும்பங்கள் காணாமற்போனவர்களைத் தேடிக்கொண்டு இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையில் பத்துப் படலையைத் தட்டினாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அங்கே போகிற மாணவனுக்கு எப்படி இருப்பது, எப்போது பேசாமல் இருப்பது என்று தெரியவேண்டும்.

இதைப் படிப்பிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பார், கேள், இணை என்று மூன்று படி. முதலில் அங்கே என்ன நிலைமை, யாருக்கு என்ன அவசரம் என்று பார்ப்பது. பிறகு அவர்கள் சொல்ல விரும்பியதை மட்டும் கேட்பது, தோண்டித் துருவாமல் இருப்பது. அப்புறம் உதவக்கூடிய ஆளோடோ இடத்தோடோ இணைத்துவிடுவது. இங்கேயும் மனநல வைத்திய நிபுணர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் நடந்த காலத்திலேயே ஆசிரியர்களையும் கிராமத் தொண்டர்களையும் இருத்தி வைத்து இந்த விதமான பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் பலர் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டாலே போதும்.

நான் இளம் மிசிமாருக்குப் பழக்கிய விதத்தைச் சொல்கிறேன். ஒருவரைக் கதிரையில் இருத்தி, நீ சுகமில்லாத ஆச்சி என்று சொல்வோம். மற்றவர் வெளியில் நின்று கூப்பிடவேண்டும். “ஆச்சி, நான் இன்னாற்ற பேத்தி, இன்ன இடத்தில படிக்கிறன், வளவுக்குள்ள தண்ணி நிக்குதோ எண்டு பாக்க வந்தனான், வரலாமோ?” ஆச்சி வேண்டாம் என்று சொன்னால் முகம் கோணாமல் “சரி ஆச்சி, பிறகொருநாள் வாறன்” என்று திரும்பவேண்டும். பலருக்கு இந்தத் திரும்புவதுதான் வராது. இரண்டு மூன்று தரம் செய்து பார்த்தால் வரும். இன்னொரு விளையாட்டு, ஆச்சி தன் மகன் பற்றிச் சொல்லத் தொடங்குவா, கேட்பவர் மூன்று நிமிடம் ஒன்றும் பேசக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது, “கவலைப்படாதேங்கோ” என்றும் சொல்லக்கூடாது. அந்த மூன்று நிமிடத்தில் நெளியாத ஒருவரையும் நான் கண்டதில்லை. நெளிந்து பழகியவர்தான் பிறகு நல்ல மிசியாக வந்தா.

இரகசியம் காப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீட்டுக்குள் போகிற பிள்ளை எதையும் காணலாம். குடித்துவிட்டுக் கிடக்கிற தகப்பன், படுக்கையோடு கிடக்கிற தாய், அடிவாங்கிய சின்னப் பிள்ளை. அது நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது. சின்னப் பிள்ளைக்கு ஆபத்து என்று கண்டால் மறைக்கவும் கூடாது. பொறுப்பான பெரியவர் ஒருவரிடம், அல்லது 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லவேண்டும். யாரிடம் சொல்வது என்பது வீட்டுக்குப் போக முன்னரே முடிவாகி இருக்கவேண்டும். அதேபோல் தொண்டுக்குப் போகிறவர்களும் பிள்ளைகள்தான். எவரும் தனியாக ஒரு வீட்டுக்குள் போகக்கூடாது, இருவர் இருவராகத்தான். பொழுதுபட முன் திரும்பிவிடவேண்டும். திரும்பியதும் ஒருவர் அவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, இன்றைக்கு என்ன கண்டீர்கள் என்று கேட்கவேண்டும். படுக்கைப் புண்ணை முதல்முதல் கண்ட பிள்ளைக்கு அன்றிரவு நித்திரை வராது. அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

நம் பாடசாலைகளில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சாரணர், சென். ஜோன்ஸ் முதலுதவிப் படை, செஞ்சிலுவை இளையோர் என்று இருக்கிறார்கள். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவும் முறிந்த கைக்குக் கட்டுப் போடவும் பழகுகிறார்கள். 2018இல் வடக்குக்கும் வந்த 1990 அம்புலன்சைக் கூப்பிட எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயிற்சி மைதானத்தில் நடந்து, சின்னம் குத்தியதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் சொந்த ஒழுங்கையில் யார் தனியாக இருக்கிறார், யாருக்குச் சலரோகம், யார் நடக்கமாட்டார் என்று அதற்குத் தெரியாது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘என்.எஸ்.எஸ்’ என்று சொல்கிற நாட்டு நலப்பணித் திட்டம், காந்தி நூற்றாண்டான 1969இல் இந்தியா முழுவதும் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. சேருகிற மாணவர் வருடத்துக்கு 120 மணித்தியாலம், இரண்டு வருடத்துக்கு 240 மணித்தியாலம் வேலை செய்யவேண்டும். 7 நாள் முகாமும் உண்டு. அந்த 120இல் 20 மணித்தியாலத்தை ஆயத்தப் பயிற்சிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1958இல் கொழும்பு நாலந்தா வித்தியாலய ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ கிராமத்துக்குக் கூட்டிப்போனதில் இருந்துதான் சர்வோதயம் என்ற சிரமதான இயக்கம் வளர்ந்தது. அந்த மாணவர்கள் ஊர்ச் சனத்தோடு தங்கி வேலை செய்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பவில்லை.

18 மாதம் படிப்பியுங்கள் என்று நான் கேட்கவில்லை. 20 மணித்தியாலம் போதும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ரியூசனும் இல்லாத காலம் அது. பெற்றோரும் மறிக்கமாட்டார்கள். இடம் தேடவும் தேவையில்லை, ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. பின்னேரங்களில் பல இடங்களில் பத்திரிகை பார்க்க வருகிற நாலு வயதாளிகளைத் தவிர ஒருவரும் இல்லை. ஓய்வுபெற்ற மிசிமார், சுகாதாரப் பரிசோதகர்கள், தாதியர், அதிபர்கள் சும்மாதான் இருக்கிறோம். ஊர் விதானையாருக்கு, அதாவது கிராம அலுவலருக்கு, ஒவ்வொரு வீடும் தெரியும்.

பயிற்சி முடிந்த இருவருக்குத் தங்கள் ஒழுங்கையிலேயே பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கொடுங்கள். கிழமைக்கு ஒருநாள் அதே வீடுகள், அதே இருவர், ஒரு கொப்பி. மூன்றாவது கிழமை ஆச்சிமார் தாங்களே பீலியைக் காட்டுவார்கள். நாலாவது கிழமை கண் தெரியவில்லை, கிளினிக் துண்டை வாசித்துச் சொல் பிள்ளை என்பார்கள். அங்கேதான் தொண்டு தொடங்குகிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

சான்றிதழ் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். கொடுங்கள், அதில் தவறில்லை, வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் பிள்ளைக்கு உதவும். ஆனால் ஒருநாள் வந்து போனவருக்கும் மாரி முழுக்கப் போனவருக்கும் ஒரே கடதாசியைக் கொடுக்காதீர்கள். பயிற்சி எத்தனை மணித்தியாலம், எத்தனை மாதம் அதே வீடுகளுக்குப் போனார் என்று எழுதி, சுகாதார வைத்திய அதிகாரியோ கிராம அலுவலரோ ஒப்பமிடட்டும். மாணவர்களை அழைத்துவர விரும்புகிற நிறுவனங்களும் சங்கங்களும் முதலில் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போய், இந்தப் பிள்ளைகளுக்கு யார் என்ன பயிற்சி கொடுத்தார் என்று சொல்லவேண்டும் என ஒரு விதிமுறையை மாகாணக் கல்வித் திணைக்களமும் சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து கொண்டுவரலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

அடுத்த மழை ஐப்பசியில். ஆவணியில் தொடங்கினால் புரட்டாதி முடிய முன் ஒரு குழு தயாராகிவிடும். கரவெட்டி, நெல்லியடி, துன்னாலைப் பக்கத்துச் சனசமூக நிலையம் எதுவும் முன்வந்தால் சனி, ஞாயிறு பின்னேரங்களில் வந்து படிப்பிக்க நான் ஆயத்தம். என்னோடு வேலை செய்த மிசிமார் சிலரிடமும் கதைத்துவிட்டேன், அவர்களும் வருவார்கள். என் தொலைபேசி இலக்கத்தை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தயவுசெய்து கொடுத்து உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
கரவெட்டி.